கொடுத்துச் சிவந்த கை: சித்தூர் நாகையாவின் வாழ்க்கை

1. யார் அந்தப் பெரியவர்?

தொலைக்காட்சியில் பழைய படம் ஓடுகிறது. கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர் வருகிறார். மெதுவாக நடக்கிறார். மெல்லிய குரலில் பேசுகிறார். அந்தக் குரலில் அன்பு இருக்கிறது. கொஞ்சம் சோகமும் இருக்கிறது.

வீட்டில் உள்ள பாட்டி சட்டென்று சொல்கிறார்: "இதோ, நாகையா வந்துட்டார்!"

"யார் பாட்டி அந்தத் தாத்தா?" என்று பேத்தி கேட்கிறாள்.

அவர்தான் சித்தூர் வி. நாகையா. அவர் நடிகர். நல்ல பாடகர். பாட்டுக்கு இசை அமைத்தவர். படங்களை இயக்கியவர். சொந்தப் பணத்தில் படம் எடுத்தவர். தெலுங்கு, தமிழ் என்று இரண்டு மொழிகளிலும் புகழ் பெற்றவர். 200-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர்.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய நாள் 1975 ஆகஸ்ட் 15. அதற்கு முன்பே, 1973-இல், நாகையா காலமாகிவிட்டார். ஊர் ஊராகக் கொட்டகையில் ஓடிய தம் படங்கள் பிறகு வீட்டுக்கு வீடு வந்ததை அவர் பார்க்கவில்லை.

அவர் லட்சக் கணக்கில் சம்பாதித்தார். அள்ளி அள்ளிக் கொடுத்தார். கடைசிக் காலத்தில் அவர் கையில் பணம் இல்லை. ஏன் அப்படி ஆயிற்று? அவர் கதையைப் படிப்போம்.

2. ஊர் பெயரே தம் பெயர்

நாகையா 1904 மார்ச் 28 அன்று பிறந்தார். பிறந்த ஊர் ரேபல்லே. அது பின்னர் நீண்ட காலம் குண்டூர் மாவட்டத்தில் இருந்தது. ஆனால் அவரை ஆளாக்கிய ஊர் சித்தூர். அதனால்தான் 'ரேபல்லே நாகையா' என்று யாரும் சொல்வதில்லை. 'சித்தூர் நாகையா' என்றுதான் சொல்கிறார்கள்.

சித்தூர் தமிழ்நாட்டுக்குப் பக்கத்து ஊர். வேலூரில் பஸ் ஏறினால் சீக்கிரமே சித்தூர் போய்விடலாம். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானது. அதற்கு முன் சித்தூர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1953 வரை இது எல்லாமே சென்னை மாகாணம்தான். இன்றும் சித்தூர்க் கடைத்தெருவில் தெலுங்கும் தமிழும் கலந்து கேட்கும். வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி என்று இரண்டையும் பேசுகிறவர்கள் அங்கே நிறையப் பேர். நாகையா இரண்டு மொழிப் படங்களிலும் பெயர் எடுத்ததற்கு இந்த ஊர்ப் பழக்கமும் ஒரு காரணம்.

திருப்பதியும் நீண்ட காலம் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 2022-இல்தான் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. நாகையாவின் குடும்பத்தில் வசதி இல்லை. திருமலைக் கோவில் தந்த உதவித்தொகை அவர் படிப்புக்குக் கைகொடுத்தது.

படித்து முடித்தார். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். பிறகு 'ஆந்திர பத்திரிகா' என்ற தெலுங்குப் பத்திரிகையிலும் வேலை செய்தார். ஆனால் அவர் மனம் பாட்டிலும் நாடகத்திலும்தான் இருந்தது.

3. ராணி வேடம் போட்ட இளைஞர்

சித்தூரில் 'ராம விலாச சபா' என்ற நாடக சபை இருந்தது. நாகையா அதில் சேர்ந்தார்.

அந்தக் காலத்து மேடையை நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். ஆகவே நடிகருக்கு முதலில் வேண்டியது தொண்டை. பெண்கள் மேடை ஏறுவது குறைவு. பெண் வேடத்தையும் ஆண்களே போடுவார்கள்.

'சாரங்கதரா' என்று ஒரு நாடகம். ஒரு ராஜாவுக்கு இளைய ராணி ஒருத்தி. பெயர் சித்ராங்கி. அவள் மூத்த மனைவியின் மகன் மேல் ஆசை வைக்கிறாள். அவன் மறுக்கிறான். உடனே அவன் மேல் வீண்பழி போடுகிறாள். ராஜா விசாரிக்கவில்லை. மகனுக்குக் கொடிய தண்டனை கொடுத்துவிடுகிறார்.

இந்த நாடகத்தில் நாகையா போட்ட வேடம் எது தெரியுமா? சித்ராங்கி! அந்த வேடம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. சித்தூர் என்ற ஊர்ப் பெயரும் அவரோடு ஒட்டிக்கொண்டது.

அது சுதந்திரப் போராட்டக் காலம். காந்தியடிகளின் பேச்சு நாகையாவை ஈர்த்தது. 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தது. நாகையாவும் சுதந்திர இயக்கத்தில் சேர்ந்தார்.

வீட்டிலோ துயரம். இளம் வயதிலேயே அவர் மனைவியை இழந்தார். மனம் உடைந்துபோனார். திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சிறிது காலம் தங்கினார். வாழ்க்கை முடிந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். உண்மையில் அது அப்போதுதான் தொடங்க இருந்தது.

4. குடிக்கு எதிராகப் பாடியவர்

1938-இல் 'கிருகலட்சுமி' என்ற தெலுங்குப் படம் வந்தது. இயக்கியவர் எச். எம். ரெட்டி. நாகையாவுக்கு இதுதான் முதல் படம். அப்போது அவருக்கு வயது 34.

குடியால் ஒரு குடும்பம் எப்படிக் கெடுகிறது என்பதைச் சொன்ன படம் அது. கதாநாயகி கண்ணாம்பா. நாகையா சமூகச் சீர்திருத்தம் பேசும் நல்லவராக வந்தார். கள்ளை விட்டுவிடுங்கள் என்று மக்களைப் பார்த்து ஒரு பாட்டுப் பாடினார். அந்தப் பாட்டு ஊரெங்கும் பரவியது.

அந்த ஆண்டு இன்னொன்றும் நடந்தது. அப்போது சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ராஜாஜி. அவர் 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1938-இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும் அது வந்தது. நாகையா திரையில் பாடிய அதே ஆண்டில் அவருடைய மாவட்டத்தில் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன.

இது பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 1992-இல் சித்தூருக்கு வடகிழக்கே நெல்லூர் மாவட்டத்தில் பெண்கள் சாராயக் கடைகளுக்கு எதிராகத் திரண்டார்கள். அவர்களில் பலர் முதியோர் எழுத்தறிவு வகுப்பில் படித்தவர்கள். பாடப் புத்தகத்தில் குடியைப் பற்றிய பாடத்தைப் படித்தார்கள். "இது நம் வீட்டுக் கதை அல்லவா?" என்று பேசினார்கள். பேச்சு போராட்டம் ஆனது. 1993-இல் ஆந்திரா முழுவதும் சாராயத்துக்குத் தடை வந்தது. நாகையாவின் பாட்டுக்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தப் பிரச்சினை உயிரோடு இருந்தது. இன்றும் பல வீடுகளில் இருக்கிறது.

5. பணத்தை வேண்டாம் என்றவர்கள்

கிருகலட்சுமிக்குப் பிறகு நாகையாவுக்கு ஏறுமுகம். 1939-இல் 'வந்தே மாதரம்' வந்தது. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் அலையும் இளைஞனாக அதில் நடித்தார். 1940-இல் 'சுமங்கலி'. அது விதவை மறுமணத்தைப் பேசியது. 1941-இல் 'தேவதா'. மூன்றையும் இயக்கியவர் பி. என். ரெட்டி.

பிறகு வந்த மூன்று படங்கள் நாகையாவை மக்கள் மனத்தில் உட்கார வைத்தன. அவை மூன்றும் உண்மையாக வாழ்ந்த பெரியவர்களின் கதைகள்.

முதலாவது 'பக்த போதனா'. போதனா தெலுங்கில் பாகவதம் பாடிய கவிஞர். அவர் ஏர் உழுது பிழைத்தார் என்று சொல்வார்கள். நூலை ராஜாவுக்குக் காணிக்கை ஆக்கினால் பொன்னும் பொருளும் கிடைக்கும். போதனா மறுத்தார். ராமனுக்கே காணிக்கை ஆக்கினார்.

இரண்டாவது 'தியாகய்யா'. 1946-இல் வந்தது. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜரின் கதை. தஞ்சை அரண்மனை தந்த பரிசை அவர் வேண்டாம் என்று சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். இந்தப் படத்தை எடுத்தவர், இயக்கியவர், நடித்தவர், இசை அமைத்தவர் எல்லாமே நாகையாதான்.

மூன்றாவது 'யோகி வேமனா'. 1947-இல் வந்தது. வேமனா ஆசைகளில் மூழ்கிக் கிடந்தவர். பிறகு எல்லாவற்றையும் துறந்தவர். அவருடைய பாட்டுகளை ஆந்திரத்தில் சின்னப் பிள்ளைகளும் சொல்வார்கள். நம் ஊரில் ஔவையார் எப்படியோ, அங்கே வேமனா அப்படி.

நாகையா தம் பாட்டைத் தாமே பாடினார். கண்ணை மூடிப் பாடும்போது அது நடிப்பாகத் தெரியவில்லை. பல ஊர்களில் மக்கள் அவரையே மகானாக நினைத்தார்கள். நேரில் கண்டால் காலில் விழுந்து வணங்கினார்கள்.

மூன்று பேருமே பணத்தைத் தள்ளி வைத்தவர்கள். அந்த வேடங்களைப் போட்ட நாகையா, அந்த நாளில் தென்னாட்டில் மிக அதிகச் சம்பளம் வாங்கிய நடிகர்களில் ஒருவர்!

6. தமிழ்த் திரையில் நாகையா

1941-இல் 'அசோக்குமார்' என்ற தமிழ்ப் படம் வந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் அசோகச் சக்கரவர்த்தியின் மகன் குணாளனாக நடித்தார். நாகையா அசோகராக நடித்தார். இளைய ராணி குணாளன் மேல் பழி போடுகிறாள். அசோகர் அதை நம்பிவிடுகிறார். மகன் கண்களை இழக்கிறான். சித்தூர் மேடையில் பழி போடும் ராணியாக நடித்தவர், இங்கே அந்தப் பழியை நம்பி ஏமாறும் அரசராக நடித்தார்.

1945-இல் 'மீரா' வந்தது. எம். எஸ். சுப்புலட்சுமி மீராவாகப் பாடி நடித்தார். நாகையா ராணாவாக, மீராவின் கணவராக வந்தார். 1948-இல் 'சக்ரதாரி'. அதில் நாகையா ஒரு குயவர். பக்தியில் தம்மை மறந்து களிமண்ணை மிதிக்கும்போது தம் குழந்தையையே மிதித்துவிடும் கோரா கும்பரின் கதை அது.

வயதான பிறகும் நல்ல வேடங்கள் கிடைத்தன. 1960-இல் திருப்பதி வெங்கடேசுவரரின் கதை தெலுங்கில் படமாக வந்தது. என். டி. ராமாராவ் வெங்கடேசுவரராக நடித்தார். நாகையா பாவாஜியாக நடித்தார். பாவாஜி வடநாட்டிலிருந்து திருமலைக்கு வந்த பக்தர். பெருமாளே வந்து அவரோடு சொக்கட்டான் ஆடினார் என்பது கதை. அவர் பெயரால் திருமலையில் ஹாதிராம்ஜி மடம் இருக்கிறது. 1843 முதல் 1933 வரை அந்த மடத்து மகந்துகள்தான் கோவில் நிர்வாகத்தைக் கவனித்தார்கள். நாகையா சிறுவனாகப் படித்த காலமும் அதுதான்.

1961-இல் வந்த 'பாவ மன்னிப்பு' தமிழ்ப் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். கைவிடப்பட்ட ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கும் முஸ்லிம் பெரியவராக நாகையா வருவார். அந்தப் பிள்ளை வளர்ந்து சிவாஜி கணேசன் ஆகிறார். 1963-இல் 'லவகுசா'வில் நாகையா வால்மீகி முனிவராக நடித்தார்.

7. திறந்த கை

நாகையாவின் வீட்டில் அடுப்பு அணையாது என்பார்கள். வாய்ப்புத் தேடிச் சென்னைக்கு வந்தவர்கள் அங்கே சாப்பிட்டார்கள். படிப்புக்குப் பணம், கல்யாணத்துக்குப் பணம், வைத்தியத்துக்குப் பணம் என்று கேட்டு வந்தவர்களுக்கு அவர் இல்லை என்று சொன்னதில்லை. வந்தவர் சொல்வது உண்மையா என்றும் பார்த்ததில்லை.

அத்தோடு சொந்தமாகப் படம் எடுத்தார். 'ரேணுகா பிலிம்ஸ்' என்ற பெயரில் கம்பெனி வைத்தார். 1943-இல் 'பாக்யலட்சுமி' எடுத்தார். பிறகு 'தியாகய்யா'. 1953-இல் 'என் வீடு' என்ற படத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தார். அதையும் அவரே இயக்கினார்.

படம் எடுப்பது எப்படிப்பட்ட தொழில்? பெரும்பாலும் வட்டிக்குக் கடன் வாங்கித்தான் எடுப்பார்கள். ஸ்டூடியோவுக்கு வாடகை. நடிகர்களுக்குச் சம்பளம். தினமும் அத்தனை பேருக்கும் சாப்பாடு. படம் முடியத் தாமதமானால் வட்டி ஏறும். படம் ஓடினால் கடன் அடையும். ஓடாவிட்டால் வீடு வாசல் போகும். மழையை நம்பி விதைக்கிற விவசாயியின் நிலைதான் படம் எடுப்பவரின் நிலையும்.

'என் வீடு' பணம் தரவில்லை. நாகையாவுக்குக் கடன் ஏறியது. ஆனாலும் அவர் விடவில்லை. இன்னொரு படம் தொடங்கினார். அதன் பெயர் 'ராமதாசு'. எடுத்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. 1964-இல்தான் வெளிவந்தது.

அந்தப் படத்தின் கதையைக் கேளுங்கள். கோபண்ணா என்பவர் கோல்கொண்டா சுல்தானிடம் தாசில்தார். வரி வசூலிப்பது அவர் வேலை. அவர் ராம பக்தர். வசூலித்த பணத்தில் பத்ராசலத்தில் ராமருக்குக் கோவில் கட்டினார். நல்ல காரியம்தான். ஆனால் கணக்குக் கேட்டபோது கஜானாவில் பணம் இல்லை. கோபண்ணாவைச் சிறையில் அடைத்தார்கள். அவர்தான் பக்த ராமதாசர்.

நல்ல காரியத்துக்குச் செலவழித்தாலும் கணக்குக் கேட்கும் நாள் வரும். இந்தக் கதையைப் படமாக எடுத்தவர் வாழ்க்கையிலும் அந்த நாள் வந்தது. அவரைச் சிறையில் அடைக்கவில்லை. கடன்தான் அவருக்குச் சிறை ஆனது.

8. மாலை நேரம்

1965-இல் இந்திய அரசு நாகையாவுக்குப் பத்மஸ்ரீ விருது தந்தது. நாடே பாராட்டியது. ஆனால் விருது வீட்டு வாடகையைக் கட்டாது.

ஒரு காலத்தில் கதாநாயகன். பிறகு அப்பா வேடம், தாத்தா வேடம், சாமியார் வேடம். சில படங்களில் ஒரு காட்சி, இரண்டு காட்சி. சம்பளமும் குறைவு. கொடுத்ததை வாங்கிக்கொண்டார். படம் எடுப்பவர் ஒருவர் பணம் தராமல் இழுத்தடித்தாலும், வற்புறுத்திக் கேட்கும் குணம் அவருக்கு இல்லை.

1973 டிசம்பர் 30 அன்று நாகையா சென்னையில் காலமானார். அப்போது வயது 69. சேர்த்து வைத்த சொத்து இல்லை.

சேர்த்து வைத்த பெயர் இருந்தது. சென்னை தியாகராய நகரில் பனகல் பூங்கா அருகே அவருக்குச் சிலை வைத்தார்கள். சித்தூரில் 'நாகையா கலாக்ஷேத்திரம்' என்ற அரங்கம் இருக்கிறது. ஊர் அவருக்குப் பெயர் தந்தது. ஊரில் உள்ள அரங்கத்துக்கு அவர் பெயர் தந்தார்.

9. நோட்டுப் புத்தகம் ஒன்று

நாகையா செய்தது தவறா? அவர் குடித்துப் பணத்தை இழக்கவில்லை. சூதாடி இழக்கவில்லை. பசித்தவருக்குச் சோறு போட்டார். கஷ்டப்பட்டவருக்குக் கொடுத்தார். கலைக்காகச் செலவழித்தார். இப்படிப்பட்ட மனிதரைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

ஆனால் நம் பெரியவர்கள் இரண்டு பழமொழிகளைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒன்று, 'பாத்திரம் அறிந்து பிச்சையிடு.' மற்றொன்று, 'தனக்கு மிஞ்சித்தான் தானம்.' இவை கஞ்சத்தனத்துக்காகச் சொன்னவை அல்ல. கொடுக்கிற கை நாளைக்கும் கொடுக்க வேண்டும். அதற்கு அந்தக் கையில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

மிச்சம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? எழுதிப் பார்த்தால் தெரியும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு பக்கம் வரவு. மறு பக்கம் செலவு. யாருக்குக் கைமாற்றுக் கொடுத்தோம், யாரிடம் கடன் வாங்கினோம், வட்டி எவ்வளவு, தேதி என்ன என்று எழுத வேண்டும். மாதக் கடைசியில் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும்.

நாகையா நன்றாகப் படித்தவர். குமாஸ்தா வேலை பார்த்தவர். பத்திரிகையில் எழுதியவர். எழுத்து தெரிந்தும் கடனிலிருந்து அவர் தப்பவில்லை. எழுத்தைக் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது. அது அன்றாடம் கைக்கு உதவ வேண்டும்.

அடுத்த முறை தொலைக்காட்சியில் அந்த வெள்ளைத் தாடிப் பெரியவர் வந்தால் பேத்திக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "சித்தூர் நாகையா" என்று அவளே சொல்வாள். படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்களில் அவர் பெயர் எங்கே வருகிறது என்று பாட்டி தேடலாம். எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம்.

சொற்களின் பொருள்

உதவித்தொகை – படிப்பதற்காகத் தரும் பணம்
குமாஸ்தா – அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவர்
மதுவிலக்கு – கள், சாராயம் முதலியவற்றைச் சட்டத்தால் தடுப்பது
மகந்து – மடத்தின் தலைவர்
கஜானா – அரசுப் பணம் வைக்கும் இடம்
கைமாற்று – வட்டி இல்லாமல் வாங்கும் சிறு கடன்

பதில் சொல்லுங்கள்

1. நாகையா பிறந்த ஊர் எது? அவரைச் 'சித்தூர் நாகையா' என்று ஏன் அழைக்கிறார்கள்?
2. 'கிருகலட்சுமி' படம் எதைப் பற்றியது? அதே ஆண்டில் சித்தூர் மாவட்டத்தில் என்ன நடந்தது?
3. போதனா, தியாகராஜர், வேமனா மூவருக்கும் உள்ள ஒற்றுமை என்ன?
4. கோபண்ணா ஏன் சிறைக்குப் போனார்?

கூடிப் பேசுங்கள்

1. நாகையா வந்தவருக்கெல்லாம் கொடுத்தது சரியா? இரண்டு அணியாகப் பிரிந்து பேசுங்கள்.
2. உங்கள் ஊரில் பிறருக்குக் கொடுத்தே நொடித்துப் போனவர் உண்டா? ஊர் அவருக்கு என்ன செய்தது?

செய்து பாருங்கள்

இந்த வாரம் உங்கள் வீட்டு வரவையும் செலவையும் தேதி போட்டு எழுதுங்கள். வாரக் கடைசியில் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள்.